மாணவர் என்ற பெயரில்: ஜப்பானில் உஸ்பெக் மக்கள்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

உஸ்பெகிஸ்தானிலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்படுவோரில் பெரும்பாலோர் ரஷ்யாவுக்கே செல்கின்றனர். கஜகஸ்தானுக்கும் தென்கொரியாவுக்கும் செல்வோரும் உண்டு. ஜப்பானில் வாழும் உஸ்பெக்கியர் சில ஆயிரம் பேர்தாம். ஆயினும் அச்சிறு சமூகத்தைப் பற்றித் தனியே பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், அவர்களுள் மிகப் பலர் தொழிலாளர் என்ற பெயரில் அல்லாமல் மாணவர் என்ற பெயரிலேயே அந்நாட்டுக்குள் நுழைந்தவர்கள்.

இரு நாடுகளின் கல்வி உறவு வெறும் பெயரளவிலானதன்று. 2005இல் நகோயா பல்கலைக்கழகம் தாஷ்கந்தில் நிறுவிய மையத்தில், ஜப்பானியச் சட்டம் ஜப்பானிய மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. ஆனால் பெரும்பாலான இளைஞர்களுக்குக் கிடைக்கும் வழி தனியார் மொழிப்பள்ளிதான். முகவருக்கும் பள்ளிக்கும் செலுத்த வேண்டிய தொகைக்காகக் கடன் வாங்கி வருகிறவர்களுக்கு, மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அனுமதியில்லை. அந்த வருமானத்தில் வாடகையும் படிப்புச் செலவும் கடனும் அடைவது அரிது. வரம்பை மீறினாலோ விசா நீட்டிக்கப்படாமல் போகலாம். உஸ்பெக் மொழியிலும், நம் தமிழைப் போலவே, வினைச்சொல் இறுதியில் நிற்பதால் ஜப்பானியப் பேச்சு அவர்களுக்கு விரைவில் வசப்படுகிறது. சித்திர எழுத்துகளோ எளிதில் வசப்படுவதில்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்ப்பது உணவுத் தொழிற்சாலையின் இரவு வேலையும் விடுதித் துப்புரவுமே.

2019இல் ஜப்பான் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவைத் தொடங்கியது. வந்தவரைத் தொழிலாளர் என்றே அழைக்கும் நேர்மை அதில் இருக்கிறது என்பதால் அதை நான் வரவேற்கிறேன். எனினும் அதன் முதல் நிலையில் வருவோர் மனைவி மக்களை அழைத்து வர இயலாது என்ற விதி கொடியது.

தாயகத்தில் திருமணத்துக்கும் இழவுக்கும் முன்னிற்பது ‘மஹல்லா’ எனும் அக்கம்பக்கத்து அமைப்பு. பல நகரங்களில் சிதறி வாழ்வோருக்கு டெலிகிராம் குழுக்களே அந்த இடத்தை நிரப்புகின்றன. அறை தேடுவது, வேலை கேட்பது, மார்ச் 21ஆம் நாள் நவ்ரூஸ் விழாவுக்குப் பெரிய கொப்பரையில் பலாவ் சமைக்க ஆள் சேர்ப்பது ஆகிய யாவும் அங்கேதான்.

ஆனால் சாவு நேரும்போது கைப்பேசிக் குழுவால் நிலம் தர முடியாது. இறந்தோரில் ஏறத்தாழ அனைவரையும் எரியூட்டும் ஜப்பானில், உஸ்பெக்கியருள் பெரும்பாலோரைப் போன்ற முஸ்லிம்களைப் புதைக்கும் இடுகாடுகள் மிகச் சிலவே. ஓய்டா மாகாணத்து ஹிஜி என்ற சிற்றூரில் திட்டமிடப்பட்ட இடுகாட்டை, நிலத்தடி நீர் கெடும் என்ற அச்சத்தால் ஊரார் எதிர்த்தனர். 2024இல் அதை எதிர்த்தவரே அவ்வூரின் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊராரின் அச்சத்தை நான் இகழவில்லை. இடுகாட்டுக்கு அனுமதி தரும் பொறுப்பை உள்ளாட்சிகளிடமே விட்டுவிட்டு நடுவண் அரசு ஒதுங்கி நிற்பதுதான் தவறு. ஆட்களை வரவேற்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அந்த அரசே, அவர்களுக்கான இடுகாட்டு நிலத்தையும் மாகாணந்தோறும் ஒதுக்க முன்வர வேண்டும்.