ஸ்கேனுக்கு முன் குடிக்கும் ஒன்றரை லிட்டர்

நேயர்களுக்கு வணக்கம். குடலுக்கு சி.டி. ஸ்கேன் என்றதும் பலருக்கும் கதிர்வீச்சுதான் கவலை. எனக்கோ, ஸ்கேன் அறை வாசலில் கையில் கொடுக்கிறார்களே, அந்தப் பெரிய பாட்டில்தான் கவலை. அது காலியானதா இல்லையா என்பதில் பாதி ஸ்கேன் அடங்கியிருக்கிறது.

காற்றுப்போன சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். மடங்கிக் கிடக்கும்போது ரப்பர் தடிமனாகத் தெரியும். காற்றடித்த பிறகுதான் அதன் மெய்யான கனம் புரியும். குடலும் அப்படியே; அதை விரிக்கத்தான் அந்தப் பாட்டில். நன்றாக விரிந்த சிறுகுடலின் சுவர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மூன்றைத் தாண்டினால் சந்தேகப்படுவோம். ஆனால் சுருங்கிக் கிடக்கும் நல்ல குடலும் படத்தில் வீங்கிய சுவராக, சில வேளை கட்டியாகவே தெரியும்.

எதைக் குடிப்பது? நீர்த்த பேரியமும் அயோடின் கரைசலும் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நரம்பில் ஏற்றும் மருந்தும் குடல் சுவரை வெளுப்பாக்கும். வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டால் கண்ணுக்குத் தெரியுமா? அதனால்தான் சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் போலக் கறுப்பாகத் தெரியும் பானம் வேண்டும்.

வெறும் தண்ணீர் போதாதா என்பீர்கள். இரைப்பைக்குப் போதும். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேருமுன் உடல் அதை உறிஞ்சிவிடும். குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன் நோய் அதிகம் உட்காரும் இடமோ அந்தக் கடைசிப் பகுதிதான்! ஆகவே மேனிடால் என்ற சர்க்கரை வகைப் பொருளைச் சேர்க்கிறோம். அது தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைக்கும். 20 சதவீத மேனிடால் 225 மி.லி. எடுத்து, தண்ணீர் விட்டு 1,500 மி.லி. ஆக்கினால் 3 சதவீதக் கரைசல். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும். மடமடவென்று குடித்தால் வாந்தி. மிக மெதுவாகக் குடித்தால் மேல்குடல் மறுபடி சுருங்கிவிடும். கடைசி டம்ளரை மேசையில் படுப்பதற்குச் சற்று முன் குடியுங்கள். பிறகு வயிற்றுப்போக்கு வரலாம், பயம் வேண்டாம். ஆனால் அதே நாளில் மின்சூட்டால் திசுவைக் கருக்கும் கருவியோடு பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை (கொலனோஸ்கோப்பி) இருந்தால் மேனிடால் கூடாது. கிருமிகள் அதைப் புளிக்கவைத்து, தீப்பிடிக்கும் வாயுவை உண்டாக்கும்.

வெள்ளைப் பானத்துக்கும் வேலை உண்டு. அறுவைக்குப் பின் தையலில் கசிகிறதா, குடல் மடிப்புகளுக்கிடையே சீழ் தேங்கியிருக்கிறதா என்று காட்டும். ஓட்டை விழுந்த சந்தேகம் இருந்தால் பேரியம் வேண்டவே வேண்டாம். வயிற்றறைக்குள் கசிந்தால் கரையாமல் தங்கி அழற்சி உண்டாக்கும். அங்கே அயோடின் கரைசல்தான். புரையேறும் நோயாளிக்கு அதிலும் அடர்த்தி குறைந்த அயோஹெக்சால் வகை. அடர்கரைசல் நுரையீரலுக்குள் போனால் நீர் கோத்துவிடும். குடலில் ரத்தக் கசிவைத் தேடும்போது வெள்ளைப் பானமே கூடாது, கசிவை மறைத்துவிடும்.

நேரம் நெருங்குகிறது. பெருங்குடலை விரிக்க ஆசனவாய் வழியே கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதுண்டு; சாதாரணக் காற்றைவிட அது விரைவில் உறிஞ்சப்படுவதால் வயிற்று வலி குறைவு. இன்னொன்று: சமீபத்தில் பேரியம் எக்ஸ்ரே எடுத்திருந்தால் ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மிச்சமிருக்கும் கெட்டிப் பேரியம் படம் முழுக்கக் கோடு கோடாக இழுத்துவிடும். அயோடின் ஒவ்வாமை இருந்தால், குடிக்கிற மருந்துதானே என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள்.