ஏப்ரல் 9, 1942: வந்து சேராத செய்திகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தள்ளி, 50 மீட்டருக்கும் மேலான ஆழத்தில், ஒரு பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதன் பெயர் ஹெர்மிஸ். பழைய கப்பலை மாற்றிக் கட்டாமல், விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அதுதான். கிரேக்கர்களின் புராணத்தில் ஹெர்மிஸ் என்பவன் தேவர்களின் தூதன், செய்தி கொண்டு போகிறவன். இந்தப் பெயர்ப் பொருத்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போரின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். நார்மண்டித் தரையிறக்கத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது 1942 ஏப்ரல் 9. வியாழக்கிழமை. சித்திரைப் பிறப்புக்குச் சில நாள்களே இருந்தன.

அதற்கு நான்கு நாள்கள் முன்னால், ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 'யப்பான்காரன் குண்டு போட்ட காலம்' என்று சொல்வது இந்த வாரத்தைத்தான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை கலங்கிப்போயிற்று. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் ஏறினார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, உயிரியல் பூங்காவின் சிங்கம் புலிகளைக்கூட அந்த மாதம் சுட்டுக் கொன்றார்கள். சென்னைக்குக் குண்டு வரவில்லை. திருகோணமலைக்கு வந்தது.

வங்காள விரிகுடாவில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் நின்றன. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை. 9ஆம் தேதி காலை, கட்டலினா வகைக் கடல்விமானம் ஒன்று அந்தக் கப்பல்களைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கியது. செய்தி பாதியில் நின்றுவிட்டது. மணி 7:16. விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். அடுத்த பத்து நிமிடத்துக்குள் திருகோணமலையின் மேல் குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன.

துறைமுகம், கப்பல் பட்டறை, சீனக்குடா விமானத் தளம், அதன் அருகே காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கும் எண்ணெய்க் குதங்கள், எல்லாம் தாக்கப்பட்டன. ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு குதத்தின் மேல் விழுந்து, தீ நாள்கணக்கில் எரிந்தது. வேண்டுமென்றே மோதினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அடிபட்ட விமானம் எங்காவது விழத்தானே வேண்டும் என்பது என் எண்ணம். வெந்து நெளிந்த அந்தக் குதத்தின் இரும்புத் தகடு இன்றும் அங்கே இருக்கிறது. சூட்டில் மெழுகுபோல மடிந்த இரும்பு எப்படியிருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

இப்போது ஹெர்மிஸுக்கு வருவோம். தாக்குதல் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், முதல்நாள் இரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கட்டிப்போட்ட மாட்டைப்போல நின்று அடிவாங்க வேண்டாம் என்ற நியாயமான யோசனைதான். ஹெர்மிஸும், துணைக்கு ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரும் கரையை ஒட்டித் தெற்கே போயின. ஆனால் ஹெர்மிஸின் விமானங்கள் சீனக்குடாத் தரையிலேயே நின்றுவிட்டன. வாளை வீட்டில் வைத்துவிட்டு உறையை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு புறப்பட்ட கதை. காலையில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஹருணாவின் வேவு விமானம் அதைக் கண்டுபிடித்தது. அந்த விமானத்தின் செய்தி மட்டும் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகச் சேர்ந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் கிளம்பி வந்தன.

பத்தரை மணிக்குப் பிறகு குத்தென்று இறங்கிய குண்டுவீச்சு, இருபது நிமிடம்கூட நீடிக்கவில்லை. கப்பல் தலைவர் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தார்கள். வாம்பயரும் மூழ்கியது. காக்க வேண்டிய விமானங்கள் கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானையிலிருந்து வந்து சேர்ந்தபோது காப்பதற்கு அங்கே கப்பல் இல்லை. தூதனின் பெயரைத் தாங்கிய கப்பல், செய்தியும் உதவியும் நேரத்துக்கு வராமல் போனதால் மூழ்கியது. இதை வைத்துத் தத்துவம் பேச எனக்கு விருப்பமில்லை. மனத்தில் உறுத்துகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கமாக விட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானிய விமானங்கள் அதைத் தொடவில்லை. எண்ணெய் மிதந்த கடலிலிருந்து ஏறத்தாழ 600 பேரை அது ஏற்றிக்கொண்டது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள்.

அதே நேரத்தில் கொழும்பிலிருந்து வந்த ஒன்பது பிரித்தானியப் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களுக்கு மேலே போய் நின்றன. ஜப்பானியக் கப்பல்களில் ராடார் இல்லை. ஹிர்யூ கப்பலில் இருந்தவர்கள் விமானங்களைப் பார்த்தும் மற்றக் கப்பல்களுக்குச் சொல்லவில்லை. தலைமைக் கப்பலான அகாகியைச் சுற்றிக் குண்டுகள் தண்ணீரில் விழுந்து வெடித்த பிறகுதான் விமானம் வந்திருப்பதே தெரிந்தது. ஒரு குண்டும் கப்பலில் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, பசிபிக்கின் மிட்வே தீவருகே, இதே கப்பல்களில் மூன்றின் மேலே இதேபோல் விமானங்கள் வந்து நின்றன. அன்று குண்டுகள் பட்டன. திருகோணமலைக் கடலில் கிடைத்த எச்சரிக்கையை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கிழக்கே, பிலிப்பைன்ஸில், பட்டான் தீபகற்பம் அன்று வீழ்ந்தது. பாதி ரேஷனிலும் அதற்கும் குறைவிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்த படை அது. மலேரியா ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். குதிரைப்படை தன் குதிரைகளையே சமைத்துத் தின்று தீர்த்திருந்தது. மேலிடத்து அனுமதி இல்லாமல், தன் பொறுப்பில் சரணடைய முடிவெடுத்தார் ஜெனரல் எட்வர்ட் கிங். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தளபதி லீ சரணடைந்ததும் ஏப்ரல் 9தான். ஜோர்ஜியாக்காரரான கிங்குக்கு அது நினைவிருந்தது. ஜப்பானியக் கர்னல் அவருடைய வாளைக் கேட்டார். கிங்கிடம் வாள் இல்லை. கைத்துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்று கைதானவர்கள் ஏறத்தாழ 76,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். 'அமெரிக்கப் படை சரணடைந்தது' என்று எழுதும் நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கைதிகளை முகாமுக்கு நடத்திச் சென்ற, அன்றே தொடங்கிய மரண நடையில் வழியில் விழுந்து செத்தவர்களிலும் அவர்களே மிகுதி.

எதிர்க்கரையில் கொரெகிடோர் தீவு. அங்கே மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் ஒரு வானொலி நிலையம் இயங்கியது. 'பட்டான் வீழ்ந்தது' என்று அங்கிருந்து ஓர் இளம் பிலிப்பினோ அதிகாரி வாசித்தார். ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொள்கிறேன். எதிரே தெரிகிற கரையில் தன் தோழர்கள் கைதாகிறார்கள். அதைத் தடுமாறாமல் வாசிக்க வேண்டும்.

டெல்லியில் அன்று மாலை காங்கிரஸ் தலைவர்கள் ஆசாத்தும் நேருவும் பிரித்தானிய அமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். இந்தியாவின் பாதுகாப்புத் துறை யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. வங்காள விரிகுடாவில் அந்தப் பாதுகாப்பு என்ன லட்சணத்தில் இருந்தது என்பதை இதுவரை சொல்லிவிட்டேன். பேச்சு முறிந்தது. மறுநாள் காங்கிரஸின் மறுப்புக் கடிதம் போயிற்று.

இன்னும் மேற்கே, மத்தியதரைக் கடலில் மால்டா. அந்த ஏப்ரலில் மட்டும் அந்தச் சிறு தீவின்மேல் 6,700 டன் குண்டு விழுந்தது. மாலை நாலே முக்கால் மணிக்குச் சற்று முன், மோஸ்டா ஊரின் பெரிய தேவாலயத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வழிபாட்டுக்குக் கூடியிருந்தார்கள். கூரையின் பிரமாண்டமான வட்டக் கவிகையைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்து தரையில் உருண்டது. வெடிக்கவில்லை. வல்லுநர்கள் வந்து அதைச் செயலிழக்கச் செய்து, கொண்டுபோய்க் கடலில் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அற்புதம் என்றார்கள். பொறிமுறைக் கோளாறு என்று வாதாட நான் தயார். ஆனால் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தால் நானும் அற்புதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சோவியத் முனையில், கிரிமியாவின் கெர்ச் பகுதியில், அன்று செஞ்சேனை மீண்டும் ஒரு தாக்குதலைத் தொடங்கியது. சில நாள்களில் அது சேற்றிலும் இரத்தத்திலும் நின்றுபோனது. நான் சற்று நின்று பார்க்க விரும்புவது லெனின்கிராட்டை. முற்றுகைக்குள் அகப்பட்ட அந்த நகரம் பசியால் செத்துக்கொண்டிருந்தது. பனி உருகத் தொடங்கியதும், குளிர்காலம் முழுவதும் தெருக்களில் குவிந்த பனிக்கட்டியையும் கழிவையும் பிணங்களையும் அப்புறப்படுத்த, நிற்கவே வலுவில்லாத மக்கள் மண்வாரியோடு இறங்கியிருந்தார்கள். ஏப்ரல் 9 அந்தத் துப்புரவின் நடுவில் வருகிறது. வீடுதோறும் சுவரில் ஓர் ஒலிபெருக்கி. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அதிலிருந்து தாளக்கருவி ஒன்றின் 'டக், டக்' மட்டும் கேட்கும். மெதுவாகத் தட்டினால் ஆபத்தில்லை. வேகமாகத் தட்டினால் விமானம் வருகிறது. நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்பதைத் தவிர வேறு செய்தி இல்லாத ஒலிபரப்பு. ஏப்ரல் 15 அன்று அந்த நகரத்தில் பயணிகள் டிராம் மறுபடி ஓடியது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், ஜோர்ஜியா மாநிலத்துக்கு அருகே, யு-123 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி எஸ்பார்டா என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. சரக்கு வாழைப்பழமும் காப்பியும். கிங்கின் சொந்த மாநிலத்தின் கடற்கரையில் அன்று நடந்த போர் இது. பட்டானில் அவருக்கோ, ஜோர்ஜியாவில் அவருடைய ஊராருக்கோ, அந்த நாளின் மறுபாதி தெரியாது.

அதே நாளில் வட பசிபிக்கில் ஹார்னெட் என்ற அமெரிக்க விமானந்தாங்கி மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் பதினாறு பெரிய குண்டுவீச்சு விமானங்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. டோக்கியோ அவற்றின் குறி. ஒன்பது நாள்கள் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தன. 9ஆம் தேதி முழுவதும் அந்தக் கப்பலிலிருந்து ஒரு சொல்கூட வானலையில் ஏறவில்லை.

வணக்கம்.