கணினியிடம் ஃபெயிலான ஐசோநியாசிட்

வணக்கம் மக்களே. மணி இரவு பதினொன்றரை. பின்னால் கேட்கிற இரைச்சல் மின்விசிறி இல்லை, என் லேப்டாப். டாக்கிங் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தின் பள்ளத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணக்குப் போடுவது.

திரையைப் பாருங்கள். ரிப்பனைச் சுருட்டி வைத்த மாதிரி தெரிகிறதே, அதுதான் இன்ஹா. காசநோய்க் கிருமியின் புரதம். கிருமி தன்னைச் சுற்றி ஒரு மெழுகுச் சட்டை போட்டிருக்கும். அந்த மெழுகுக்கான நீள நீளமான கொழுப்புச் சங்கிலிகளைச் செய்ய இன்ஹா வேண்டும். இதை அடைத்துவிட்டால் சட்டை நெய்ய முடியாது, கிருமி சாகும். 1952லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஐசோநியாசிட் மாத்திரை செய்கிற வேலை இதுதான்.

சரி, அந்த ஐசோநியாசிட்டையே பொருத்திப் பார்ப்போம் என்று ஆட்டோடாக் வைனாவில் போட்டேன். இலவச மென்பொருள். எண் எவ்வளவு மைனஸில் இறங்குகிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்று கணக்கு. இதற்கு மைனஸ் ஐந்தைத் தாண்டவே மூச்சு முட்டியது. லட்சம் மூலக்கூறுகளோடு இதையும் சலித்திருந்தால் முதல் சல்லடையிலேயே குப்பைக்குப் போயிருக்கும். உலகம் முழுக்க முதல் வரிசை மருந்து, கணினியிடம் ஃபெயில்!

தப்பு கணினி மேல் இல்லை, நான் கேட்ட கேள்வி மேல். மாத்திரை அப்படியே போய் இன்ஹாவில் உட்காருவதில்லை. கிருமிக்குள் கேட்ஜி என்று இன்னொரு நொதி அதைத் தூண்டிவிட வேண்டும். பிறகு அது என்ஏடி என்ற துணை மூலக்கூறோடு சேர்ந்து, ஜோடியாகத்தான் பள்ளத்தை அடைக்கும். கேட்ஜியில் பிறழ்வு வந்தால் மருந்து தூங்கியே கிடக்கும். ஐசோநியாசிட்டுக்கு மசியாத கிருமிகள் பலவற்றில் நடப்பது இதுதான். அதனால் கேட்ஜியின் தயவில்லாமல், நேராக இன்ஹாவை அடைக்கும் மூலக்கூறைத் தேடுகிறார்கள். டாக்கிங் கைகொடுப்பது இந்தத் தேடலில்தான்.

அதற்கு ஒரு மாதிரி ட்ரைக்ளோசான். ஆமாம், சோப்பிலும் பற்பசையிலும் போட்டார்களே, அதேதான். உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும் என்பதால் மாத்திரையாகத் தேறாது. ஆனால் இன்ஹாவோடு அது உட்கார்ந்திருக்கும் படிக அமைப்பு, அதாவது இரண்டையும் சேர்த்துப் படிகமாக்கி எடுத்த வடிவப் படம், இருக்கிறது, ஒத்துப்பார்க்க வசதி.

இங்கேதான் நான் சொதப்பினேன். இன்ஹா ஃபைலிலிருந்து தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கும்போது என்ஏடியையும் சேர்த்து அழித்துத் தொலைத்தேன். புது மூலக்கூறுகளுக்கெல்லாம் ஸ்கோர் பிரமாதம்! இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை. அப்புறம் படத்தைச் சுழற்றிப் பார்த்தால், எல்லாம் என்ஏடி காலி செய்த குழியில் குடியேறியிருக்கின்றன. உண்மையில் ட்ரைக்ளோசான் என்ஏடியின் வளையத்தின் மேல் தட்டு மேல் தட்டு வைத்தது போலப் படுத்துக்கொண்டு, இன்ஹாவின் 158ஆம் அமினோ அமிலமான டைரோசினைப் பிடித்துக்கொள்ளும். என்ஏடியைத் திரும்ப வைத்து ஓட்டினேன். ட்ரைக்ளோசான் படிகத்தில் இருக்கும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பிரமாத ஸ்கோர்கள் பாதிக்கு மேல் ஊற்றிக்கொண்டன.

மிச்சம் நின்றவையும் மெழுகைத் தாண்டி உள்ளே போகுமா என்பது வைனாவுக்குத் தெரியாது. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற காசநோய் மருந்தான பெடாகுயிலின் டாக்கிங்கில் சிக்கியதல்ல. உயிருள்ள மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் குடும்பம்) மேலேயே மூலக்கூறுகளைப் போட்டுப் பார்த்துப் பிடித்தது. டிபி கிருமி ஒருமுறை பெருகவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். என் ஒரு ராத்திரி வேலையைச் சோதிக்க ஆய்வகத்துக்கு வாரக்கணக்கில் பிடிக்கும்.

ஃபைல்களைக் கீழே டிஸ்கிரிப்ஷனில் போட்டிருக்கிறேன், ஓட்டிப் பாருங்கள். என்ஏடியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.