இது யார் காலு? தேவனாம்பட்டினத்தில் நான் பட்ட பாடு

வணக்கம், காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் இங்கே சுகர் இருக்கிறவர்களுக்குக் காலைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்ல, நெட்டில் எடுத்த படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஷூ, சாக்ஸ், வெள்ளைக்காரக் கால். ஒரு ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் காலும்மா?" என்றார். அதோடு என் கிளாஸ் முடிந்தது. வெறுங்கால் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்தது, நமக்கு அது 'கூடாது', அவருக்கோ அது காலில் சுற்றிய கட்டுத்துணி!

சரி என்று நானே வரைந்தேன். இதோ, தெரிகிறதா? ரப்பர் செருப்பு, மணல், மீன் கூடை. ஆளை முழுசாக வரைந்திருக்கிறேன், பாதம் மட்டும் இருந்தால் வெட்டிப் போட்ட கால் மாதிரி இருக்கிறதாம். இதில் ஆயா தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார், தினமும் பார்க்க வேண்டும். இதில் விரல் இடுக்கை ஈரம் போகத் துடைக்கிறார், அங்கேதான் சேற்றுப்புண் வரும், எண்ணெய் தடவினாலும் இடுக்கில் வேண்டாம். அப்புறம் வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்ப்பது, கால் ஆணியை பிளேடால் சீவாமல் இருப்பது.

வரைய வராதது ஒன்றுதான். சுகர் பல வருஷம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்பு கெட்டுக் கால் மரத்துவிடும், முள் ஏறினாலும் மதிய மணல் பொசுக்கினாலும் தெரியாது, வலிக்கவில்லையே என்று அந்தக் காலோடேயே நடப்பார்கள், ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவது ரொம்பக் கஷ்டம். வலி இல்லாததை எப்படி வரைவது? 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது, ஆனால் உள்ளங்காலை அவரவர்தானே தூக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியில், செருப்பைத் துளைத்து ஆணி ஏறியும் சிரித்துக்கொண்டே நடக்கிற ஒரு ஆளை வரைந்தேன். நேற்று காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அண்ணன் மட்டும் சிரிக்காமல், செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மீன் முள், எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியவில்லை. பிடுங்க வேண்டாம் அண்ணே என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம்.