ஐ.நா. பெண்கள் மாநாட்டுக்குப் போற காலேஜ் பசங்க அங்க என்னதான் பண்றாங்க?

[திரையில: நியூயார்க், ஃபர்ஸ்ட் அவென்யூ. வரிசையா நாட்டுக் கொடிகள். குளிருக்குக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு நீளமான க்யூ.]

வணக்கம் மக்களே. இந்த க்யூவை நல்லாப் பாருங்க. முன்னாடி நிக்கிறவங்க கோட்டு சூட்டுல ஏதோ ஒரு நாட்டு அமைச்சகத்து ஆளு மாதிரி இருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி தலையில கலர் துணி கட்டின ஆப்பிரிக்க அம்மா ஒருத்தங்க, அதுக்கும் பின்னாடி பேக்பேக் மாட்டிக்கிட்டு, கையில காபியோட, தூக்கம் போகாத கண்ணோட ஒரு நாலு பேர். அந்த நாலு பேர்தான் இன்னைக்கு நம்ம விஷயம். காலேஜ் பசங்க. இவங்க ஐ.நா.வுக்குள்ள போயி என்ன பண்ணப் போறாங்க, இதுக்கு எப்படி கிரெடிட் குடுக்குறாங்க, உண்மையிலேயே எதாவது கத்துக்கிறாங்களா இல்ல செல்ஃபி எடுத்துட்டு வந்துடுறாங்களா, அதைப் பாப்போம்.

முதல்ல மாநாடு எதுன்னு சொல்லிடுறேன். சி.எஸ்.டபிள்யூ.ன்னு சொல்வாங்க, பெண்கள் நிலை குறித்த ஆணையம். 1946 ஜூன்ல ஐ.நா.வோட பொருளாதார சமூக மன்றம் இதை ஆரம்பிச்சது, 1947 பிப்ரவரில லேக் சக்சஸ்ங்கிற இடத்துல முதல் கூட்டம், வெறும் 15 நாடு, 15 பிரதிநிதி, எல்லாருமே பெண்கள். இந்தியா சார்புல போனவங்க பேகம் ஷரீஃபா ஹமீத் அலி. இப்ப ஆணையத்துல 45 நாடு இருக்கு, ஆனா வருஷா வருஷம் மார்ச்ல ரெண்டு வாரம் நடக்குற கூட்டத்துக்கு உலகம் பூராவுமிருந்து ஆயிரக்கணக்குல வந்து இறங்குறாங்க.

[திரையில: ஒரு கேட் பாஸ், பக்கத்துல கேள்விக்குறி]

சரி, ஒரு ஸ்டூடண்ட் இதுக்குள்ள எப்படிப் போக முடியும்? நேராப் போயி நான் ஒரு காலேஜ் ஸ்டூடண்ட், ஆர்வமா இருக்கேன்னு சொன்னா உள்ள விட மாட்டாங்க. ஐ.நா.கிட்ட ஆலோசனை அந்தஸ்து வாங்கின தொண்டு நிறுவனங்கள்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல ஒரு நிறுவனம் உங்க பேரைத் தன்னோட ஆளாப் பதிவு பண்ணினாத்தான் பாஸ். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, அதுவரைக்கும் நிம்மதி. சில யுனிவர்சிட்டிங்க இப்படி ஒரு நிறுவனத்தோட கைகோர்த்து, ஒரு செமஸ்டர் பாடமாவே நடத்துறாங்க. ஒரு நல்ல உதாரணம், வில்ஃப்னு கூப்பிடுற அமைதிக்கும் சுதந்திரத்துக்குமான பெண்கள் சர்வதேச லீக். 1915ல முதல் உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஹேக் நகரத்துல கூடின பெண்கள் ஆரம்பிச்சது, அதோட முதல் தலைவர் ஜேன் ஆடம்ஸ் 1931ல நோபல் அமைதிப் பரிசு வாங்கினவங்க. இந்த லீகோட அமெரிக்கக் கிளை சி.எஸ்.டபிள்யூ. நடக்குற சமயத்துல ஸ்டூடண்ட்ஸுக்குன்னே ஒரு பயிற்சி நடத்திக்கிட்டு வந்திருக்காங்க. நூறு வருஷமா இந்த வேலையிலேயே ஊறின ஒரு அமைப்பு பக்கத்துல நின்னு, இந்த ரூமுக்குப் போ, இவங்களைக் கவனின்னு சொல்லிக் குடுக்குறது சும்மா இல்ல.

நான் காலேஜ் படிக்கும்போது மாடல் ஐ.நா. பண்ணியிருக்கேன், அதாவது பசங்க ஆளுக்கொரு நாடா உக்காந்து நடத்துற போலி ஐ.நா. கூட்டம். எனக்கு நார்வே. சீனியர்கிட்ட கடன் வாங்கின ப்ளேசர், தோள்பட்டை ரெண்டு இஞ்ச் வெளிய நிக்கும். மத்தியானம் பிரியாணி வந்துடுச்சுன்னு தெரிஞ்சதும் பத்தே நிமிஷத்துல தீர்மானத்தை நிறைவேத்திட்டோம், நார்வேயும் ஆதரவு, ரஷ்யாவும் ஆதரவு, வட கொரியாவும் ஆதரவு. நிஜத்துல அப்படி இல்லைங்கிறதுதான் அந்த ரெண்டு வாரத்துல ஸ்டூடண்ட்ஸ் முதல்ல வாங்குற அடி.

[திரையில: ஐ.நா. வளாகம், முடிச்சுப் போட்ட துப்பாக்கிச் சிலை, பிறகு அடித்தளக் கூட்ட அறைகள்]

அங்க ஒரே சமயத்துல மூணு விதமான கூட்டம் நடக்கும். ஒண்ணு பெரிய ஹால்ல, அமைச்சருங்க வந்து எங்க நாட்டுல பெண்கள் எப்படி முன்னேறிட்டாங்கன்னு எழுதி வச்சுப் படிப்பாங்க. காதுல மாட்டுற கருவில ஆறு மொழில கேக்கலாம், அரபி, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். காலையில 10லேர்ந்து 1, மத்தியானம் 3லேர்ந்து 6, அவ்ளோதான், அதுக்கு மேல மொழிபெயர்ப்பாளருங்க பொதுவா உக்கார மாட்டாங்க. ரெண்டாவது, நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து வளாகத்துக்குள்ளயே நடத்துற சைடு ஈவென்ட். மூணாவது, ரோட்டைத் தாண்டி எதிர்ல சர்ச் சென்டர்னு ஒரு கட்டடம், அங்கயும் இன்னும் பல இடத்துலயும் தொண்டு நிறுவனங்க நடத்துற பேரலல் ஈவென்ட். இதுக்கு ஐ.நா. பாஸ் கூட வேண்டாம். நூத்துக்கணக்குல நடக்கும், எதுக்குப் போறதுன்னே தெரியாது. என்னைக் கேட்டா ரத்தமும் சதையுமான பேச்சு இங்கதான், அமைச்சர் பெருமையாச் சொன்ன அதே சட்டம் எங்க ஊரு போலீஸ் ஸ்டேஷன்ல எப்படிக் காத்துல பறக்குதுன்னு அந்த நாட்டுலேர்ந்து வந்த அக்கா எதிர்க் கட்டடத்துல புட்டுப் புட்டு வைப்பாங்க.

ஸ்டூடண்ட்ஸுக்குக் குடுக்குற முதல் வேலை, நோட்ஸ் எடுக்குறது. இதானா? அப்படீன்னு தோணும். ஆனா இது க்ளாஸ் நோட்ஸ் மாதிரி இல்ல. முதல் நாள் எல்லாரும் எழுதுறது என்னன்னா, மிக எழுச்சியான உரை, அரங்கமே எழுந்து கைதட்டியது. அதை வச்சுக்கிட்டு அந்த நிறுவனம் என்ன பண்ணும்? அவங்களுக்கு வேண்டியது, எந்த நாடு பேசிச்சு, பணம் தர்றேன்னாங்களா, எவ்ளோ, எந்த வருஷத்துக்குள்ள, குறிப்பா எந்த வார்த்தையை யூஸ் பண்ணினாங்க, போன வருஷம் சொன்ன எதை இந்த வருஷம் சொல்லாம விட்டாங்க. சொல்லாம விட்டதைக் குறிச்சு வைக்கத் தெரியுறதுக்கு முன்னாடியே படிச்சிட்டு வந்திருக்கணும், அதுக்குத்தான் அந்த செமஸ்டர் பாடம். ஒரு பையனோ பொண்ணோ மூணாவது நாள் நோட்டுல, இவங்க குடும்ப வன்முறைன்னு சொன்னாங்க, ஆனா திருமண உறவுக்குள்ள நடக்குற பலாத்காரத்தைப் பத்தி வாயே திறக்கலன்னு எழுதிக் குடுத்தா, அன்னைக்கு அது வேலை கத்துக்கிச்சுன்னு அர்த்தம்.

[திரையில: ஒரு ஆவணப் பக்கம், நடுநடுவுல சதுர அடைப்புக்குறிகள்]

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். இந்த ரெண்டு வாரமும் மேடைப் பேச்சு ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் மூடின கதவுக்குள்ள ஒரு டாக்குமெண்டை வச்சு மல்லுக்கட்டு நடக்கும். ஒப்புக்கொண்ட முடிவுகள்னு அதுக்குப் பேரு. முதல் வரைவை ஜீரோ டிராஃப்ட்னு சொல்வாங்க. கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே அது சுத்துக்கு வந்துடும், ஒவ்வொரு நாடும் இந்த வரி வேணாம், இந்தச் சொல்லைச் சேருன்னு திருத்தம் போடும். ஒத்துவராத எல்லாத்தையும் சதுர பிராக்கெட்டுக்குள்ள போட்டு வைப்பாங்க. சில பத்தியில பிராக்கெட்டுக்குள்ள பிராக்கெட், கணக்கு நோட்டு மாதிரி இருக்கும். வழக்கமா எல்லா பிராக்கெட்டும் போனாத்தான் டாக்குமெண்ட் நிறைவேறும். போகலன்னா? 2012ல கிராமத்துப் பெண்கள் பத்தின கூட்டம் முடிவே இல்லாம முடிஞ்சிடுச்சு, 2003ல பெண்கள் மீதான வன்முறை பத்தின பேச்சுவார்த்தையும் அப்படியே கைவிட்டுப் போச்சு. அதே வன்முறை தலைப்புல உடன்பாடு வர்றதுக்கு 2013 ஆச்சு. பத்து வருஷம்ங்க!

ஒரு வார்த்தைக்காடா இவ்ளோ சண்டைன்னு நினைப்பீங்க. நம்ம ஊர்ல கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து பதில் வரும்ல, ஆவன செய்யப்படும்னு? அதுக்கும், 30 நாளுக்குள் செய்து முடிக்கப்படும்ங்கிறதுக்கும் என்ன வித்தியாசம்னு மனு போட்டவங்களைக் கேளுங்க. அங்கயும் அதே கதைதான். கவனத்தில் கொள்கிறதுன்னு போட்டா ஒரு வெயிட்டு, வலியுறுத்துகிறதுன்னு போட்டா வேற வெயிட்டு. ஒரு நாடு பத்தியை நேரடியா எதிர்க்காது, நாங்க ஆதரிக்கிறோம், ஆனா தேசியச் சட்டங்களுக்கு ஏற்பன்னு நாலு சொல்லு சேர்த்துக்கலாமேன்னு பவ்யமாக் கேக்கும். அந்த நாலு சொல்லு உள்ள போச்சுன்னா மொத்தப் பத்தியும் பல்லு புடுங்கின பாம்பு.

இதுல அடிக்கடி காதுல விழுற சொல்லு, அக்ரீட் லேங்குவேஜ். அதாவது இதுக்கு முன்னாடி ஏதோ ஒரு ஐ.நா. ஆவணத்துல எல்லா நாடும் ஒத்துக்கிட்ட வாசகம். புதுசா ஒரு வரியைக் கொண்டு வந்தா எல்லாரும் சந்தேகமாப் பாப்பாங்க, இது ஏற்கனவே 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுல ஒத்துக்கிட்டது, 1995 பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுல ஒத்துக்கிட்டதுன்னு பத்தி நம்பரோட காமிச்சா வாய அடைக்கலாம். அப்ப அந்தப் பத்தி நம்பரைத் தேடி எடுத்துக் குடுக்குறது யாரு? பல சமயம் நம்ம பேக்பேக் பார்ட்டிதான். மூடின கதவுக்குள்ள ஸ்டூடண்ட்ஸையும் தொண்டு நிறுவனங்களையும் பெரும்பாலும் விட மாட்டாங்க, அதனால வெளிய காத்திருக்கணும். அடித்தளத்துல வியன்னா கஃபேன்னு ஒரு காபிக் கடை இருக்கு, பாதி டிப்ளமஸி அங்கதான். உள்ளேர்ந்து வர்ற ஒரு பிரதிநிதி காபி வாங்குற கேப்ல, அந்த 23வது பத்தி என்ன ஆச்சுன்னு கேக்கத் தெரியணும், கேட்டுட்டு ரெண்டு வரில ஒரு மாற்று வாசகம் அச்சடிச்ச தாளைக் கையில திணிக்கத் தெரியணும். இதை எந்தப் புக்கும் சொல்லிக் குடுக்காது.

[திரையில: 1995, பெய்ஜிங். பக்கத்துல பெரிய எழுத்துல ஜெண்டர் என்ற சொல், சதுர அடைப்புக்குறிக்குள்]

பிராக்கெட்னு சொன்னதும் இந்தக் கதையைச் சொல்லாம போக முடியாது. 1995 செப்டம்பர் பெய்ஜிங் மாநாடு, 189 நாடு, பக்கத்துல ஹுவாய்ரௌங்கிற இடத்துல தொண்டு நிறுவனங்களோட கூட்டம் தனி, அங்க மட்டும் கிட்டத்தட்ட 30 ஆயிரம் பேர், மழை, ஒரே சேறு. இந்த மாநாட்டுக்கு அந்த வருஷம் வசந்த காலத்துல நியூயார்க்ல முன்தயாரிப்புக் கூட்டம் நடந்தப்ப சில நாடுகள் ஜெண்டர், அதாவது பாலினம்ங்கிற சொல்லையே பிராக்கெட்டுக்குள்ள போட்டுட்டாங்க. பெண்கள் மாநாட்டு ஆவணத்துல ஜெண்டரே சந்தேகத்துக்குரிய சொல்! இதுக்குன்னு தனியா ஒரு குழு போட்டு, நமீபியாவோட பிரதிநிதி தலைமையில உக்காந்து பேசி, கடைசில என்ன முடிவு தெரியுமா, இந்தச் சொல்லு வழக்கமா, பொதுவா என்ன அர்த்தத்துல புழங்குதோ அதே அர்த்தம்தான்னு ஒரு அறிக்கை. அது பெய்ஜிங் மாநாட்டு அறிக்கையோட இணைப்புல இன்னைக்கும் இருக்கு. 30 வருஷம் கழிச்சு 2025 மார்ச்ல பெய்ஜிங்கைத் திரும்பிப் பாக்குற கூட்டம், முதல் நாளே அரசியல் பிரகடனத்தை நிறைவேத்திட்டாங்க, ஆனா பாலியல் மற்றும் இனப்பெருக்க ஆரோக்கியமும் உரிமைகளும்ங்கிற வாசகம் அதுல இல்ல. அந்த வருஷம் முதல் தடவை போன ஸ்டூடண்ட்ஸ் கூட்டம் தொடங்குன அன்னைக்கே பாத்தது, ஒரு டாக்குமெண்ட்ல எது இல்லங்கிறதைத்தான்.

பழைய கதையில ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1945ல ஐ.நா. சாசனத்துல கையெழுத்துப் போட்ட பெண்கள் மொத்தமே நாலு பேரு. அதுல ரெண்டு பேரு காலேஜ் நடத்தினவங்க, அமெரிக்காவோட வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் பர்னார்ட் காலேஜ் டீன், சீனாவோட வூ யீ ஃபாங் ஜின்லிங் காலேஜ் தலைவர். சாசனத்துல பெண்கள்னு தனியாச் சொல்லணும்னு பிரேசிலோட பெர்த்தா லுட்ஸ் ஒத்தக் கால்ல நின்னாங்க, அதெல்லாம் எதுக்குன்னு முகம் சுளிச்சது அந்த பர்னார்ட் மேடம்தான். பெண்கள் எல்லாரும் ஒரே கட்சின்னு நினைச்சுக்கிட்டுப் போற ஸ்டூடண்ட்ஸுக்கு இதை முன்னாடியே சொல்லி அனுப்பணும். நம்ம பக்கத்துல லட்சுமி மேனன், சென்னை ராணி மேரி காலேஜ்ல பாடம் எடுத்தவங்க, 1948ல மனித உரிமைப் பிரகடனம் எழுதும்போது முன்னுரையில ஆண் பெண் சம உரிமைன்னு வெளிப்படையாப் போடணும்னு வாதாடினாங்க. அதே பிரகடனத்துல எல்லா ஆண்களும்ங்கிறதை எல்லா மனிதர்களும்னு மாத்த வச்சவங்க இந்தியாவோட ஹன்சா மேத்தா. ஒரே ஒரு சொல்லு!

இப்ப கசப்பான பக்கம். இதெல்லாம் யாருக்குக் கிடைக்குது? நியூயார்க்குக்கு ட்ரெயின்ல வந்து இறங்குற தூரத்துல படிக்கிற பசங்களுக்கு ஈசி. ஆசியா, ஆப்பிரிக்காலேர்ந்து வரணும்னா அமெரிக்க விசா, டிக்கெட், மார்ச் மாச மன்ஹாட்டன் ஹோட்டல் வாடகை. அழைப்புக் கடிதம் கையில இருந்தும் விசா கிடைக்காம நின்னுபோறவங்க வருஷா வருஷம் இருக்காங்க, அதைத் தொண்டு நிறுவனங்க திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டும் இருக்காங்க. கிராமத்துப் பெண்களைப் பத்திப் பேசுற ரூம்ல கிராமத்துப் பெண்ணைத் தவிர எல்லாரும் இருப்பாங்கன்னு கிண்டல் பண்ணத் தோணுது, என்ன பண்றது. கொரோனாவுக்கு அப்புறம் பேரலல் ஈவென்ட் நிறைய ஆன்லைன்லயும் வருது, அது ஒரு சின்ன ஆறுதல். ஆனா வியன்னா கஃபே ஜூம்ல வராது.

[திரையில: ரெண்டு ஆவணம் பக்கத்துல பக்கத்துல, தேடல் பெட்டியில கர்சர் துடிக்குது]

போக முடியலன்னாலும் ஒரு வேலை நீங்க வீட்டுலேர்ந்தே பண்ணலாம். முடிவான ஆவணங்கள் எல்லாம் பெண்களுக்கான ஐ.நா. அமைப்பான யு.என். விமன் வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு. வன்முறை பத்தின 2013 ஆவணத்தையும் டெக்னாலஜி பத்தின 2023 ஆவணத்தையும் ரெண்டு ஜன்னல்ல திறங்க. ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கோங்க, குடும்பம், விதவைகள், ஆன்லைன் தொல்லை, எதுவோ. ரெண்டுலயும் தேடுங்க. எத்தனை தடவை வருது, அதுக்கு முன்னாடி இருக்குற வினைச்சொல் என்ன, கூடவே தேசியச் சட்டங்களுக்கு ஏற்பன்னு வால் ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க. நான் விதவைகளைத் தேட ஆரம்பிச்சிருக்கேன். நீங்க எந்தச் சொல்லை எடுத்தீங்கன்னு கமெண்ட்ல போடுங்க, ரெண்டு பேர் ஒரே சொல்லை எடுக்காம பாத்துக்கலாம்.