அலாஸ்கா கொடி: ஏழாம் வகுப்புப் பையன் வரைந்த வானம்

[திரையில்: அடர்நீலக் கொடி, எட்டுப் பொன்னிற நட்சத்திரங்கள்]

இந்தக் கொடியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். எழுத்து இல்லை, முத்திரை இல்லை. அமெரிக்க மாநிலக் கொடிகளில் பல, நீலத் துணியில் அரசு முத்திரையைப் பதித்த ரகம்தான். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எது எந்த மாநிலம் என்றே புரியாது. அலாஸ்கா அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அதற்குக் காரணம் ஒரு பள்ளிச் சிறுவன்.

1926. அலாஸ்கா அப்போது மாநிலமே இல்லை. 1867-இல் ரஷ்யாவிடம் 72 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்கா வாங்கிய ஓர் ஆட்சிப் பகுதி, அவ்வளவுதான். வாஷிங்டன் போன ஆளுநர் ஜார்ஜ் பார்க்ஸ், ஒரு கட்டடத்தில் மாநிலக் கொடிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கிறார். அலாஸ்காவின் கொடி மட்டும் இல்லை. இருந்தால்தானே தொங்கவிட?

சரி, கொடிக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று முடிவாகிறது. 7 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள் வரைந்து அனுப்பலாம். வந்த படங்களில் பனிக்கரடி இருந்தது, நள்ளிரவுச் சூரியன் இருந்தது, தங்கம் அரிக்கும் தட்டுகூட இருந்தது.

வென்றவன் பென்னி பென்சன். சின்ன வயதிலேயே தாயை இழந்தவன். தந்தை ஒரு மீனவர். சூவர்ட் நகரில் இருந்த ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தான். படுக்கப் போகுமுன் அவன் தினமும் வானத்தில் தேடிய நட்சத்திரக் கூட்டத்தையே தாளில் வரைந்தான்.

[திரையில்: ஏழு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன]

நாம் சப்தரிஷி மண்டலம் என்கிறோமே, அதேதான். அவர்களுக்கு அது ஓர் அகப்பை. பெருங்கரடி என்ற பெரிய நட்சத்திரக் கூட்டத்தின் ஒரு பகுதி. கரடி என்றால் வலிமை என்று பென்னி எழுதினான். அகப்பைக் கிண்ணத்தின் வெளி விளிம்பில் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களையும் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டை அப்படியே நீட்டுங்கள். மூலையில் இருக்கும் பெரிய நட்சத்திரத்தை நோக்கிப் போகும். அது துருவ நட்சத்திரம். வானத்திலும் இப்படித்தான் வடக்கைக் கண்டுபிடிக்கிறோம். நீலம் எதற்கு? வானத்துக்கும், 'மறவாதே' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு சின்ன நீலப் பூவுக்கும்.

எனக்குப் பிடித்தது துருவ நட்சத்திரத்துக்கு அவன் சொன்ன விளக்கம்தான்: அது வருங்கால அலாஸ்கா மாநிலம், ஒன்றியத்திலேயே வடகோடி மாநிலம். இல்லாத மாநிலத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவைத்துவிட்டான் பையன்!

1927 மே மாதம் சட்டமன்றம் அதை ஏற்றது. ஜூலை 9-ஆம் தேதி சூவர்டில் கொடி முதன்முதலாகப் பறந்தது. 1959 ஜனவரி 3-இல் அலாஸ்கா 49-ஆவது மாநிலமானபோது, அமெரிக்கக் கொடியில் ஒரு நட்சத்திரம் கூட்ட வேண்டியிருந்தது. அலாஸ்கா கொடியில் ஒரு தையலைக்கூட மாற்றவில்லை.

பென்னிக்குப் பரிசாக ஒரு கடிகாரமும், படிப்புக்கு 1,000 டாலரும் கிடைத்தன. அந்தப் பணத்தில் அவர் படித்தது ஓவியம் இல்லை, டீசல் எஞ்சின். பிற்காலத்தில் கோடியாக் தீவில் விமான மெக்கானிக்காக வேலை பார்த்தார்.