ஓடிப்போனவன் என்று எழுதுகிறார்கள்

(மலேசியாவில், கிள்ளானில் ஒரு மே தினக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். கள்ளக் குடியேறிகளையும் நாட்டின் பாதுகாப்பையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது நான் வழக்கமாகச் சாப்பிடப் போகிற ஒரு கடையின் பின்பக்கம்தான். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அதற்குக் கீழே மூன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி காலை பத்து மணிக்கு அங்கே குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க நடுராத்திரி ஆகும். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து வெள்ளை வெளேரென்று இருக்கும். "தம்பி, கையுறை போட்டுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டேன். "போட்டா தட்டு வழுக்குதுண்ணே, உடைஞ்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க" என்றார்.

ஒரு ராத்திரி நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முன்பக்கம் யாரோ "இமிகிரேஷன்" என்று கத்தினார்கள். பின்பக்கம் தட்டு விழும் சத்தம். அந்தத் தம்பி சுவரேறிக் குதித்து, பெரிய கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் பார்த்தேன், முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தார், அதோடுதான் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

சரி, இவர் எப்படி வந்தார்? படகில் வரவில்லை, காட்டு வழியாகவும் வரவில்லை. விமான நிலையத்தில் விரல் ரேகை வைத்து, முத்திரை குத்தி, கையில் பெர்மிட்டோடுதான் உள்ளே வந்தார். பெர்மிட்டில் எழுதியிருந்தது கட்டுமான வேலை. மூன்று மாதம் அந்த வேலை இருந்தது, அப்புறம் இல்லை. அழைத்து வந்த ஏஜென்ட் இவரைக் கடைக்குக் கைமாற்றிவிட்டார். பெர்மிட்டில் கட்டுமானம், கையில் எச்சில் தட்டு. அவர் செய்த குற்றம் இவ்வளவுதான்.

எல்லையைக் காக்க வேண்டாம் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2015 மே மாதம் பெர்லிஸில் வாங் கெலியான் மலைக்காட்டில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 28 முகாம்கள், 139 புதைகுழிகள். உயிருக்குப் பயந்து ஓடி வந்த ரோஹிங்கியா மக்களையும் வேலை தேடி வந்த வங்காளதேசத்தவரையும் அடைத்து வைத்துப் பணம் பிடுங்கிய இடம் அது. 2021 டிசம்பரில் ஜொகூர் கரையோரம் இந்தோனேசியாவிலிருந்து வந்த படகு கவிழ்ந்து பிணங்கள் ஒதுங்கின. ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ராத்திரியில் படகு விடுகிற தெக்கோங்குகளையும், அவர்களிடம் கை நீட்டுகிறவர்களையும் பிடித்து உள்ளே போடட்டும், நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் கிள்ளானில், பூச்சோங்கில், காஜாங்கில் நீங்களும் நானும் தினமும் பார்க்கிற "கள்ளக் குடியேறிகளில்" எத்தனையோ பேர் நேர்வழியில் வந்து, இங்கே வந்த பிறகு சட்டவிரோதமாக ஆக்கப்பட்டவர்கள். தாய்லாந்து எல்லையில் கோலோக் ஆற்றங்கரையில் எவ்வளவு உயரத்துக்குச் சுவர் கட்டினாலும் இது நிற்காது.

ஜொகூரில் பெங்கெராங் விஷயத்தைச் சொல்கிறேன். 2023 டிசம்பர். வேலை இருக்கிறது என்று சொல்லிக் கூட்டி வந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் தங்குமிடத்தில் கிடந்தார்கள். ஒவ்வொருவரும் ஊரில் பெரிய கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள். பொறுத்துப் பார்த்து, கடைசியில் போலீசில் புகார் கொடுக்கலாம் என்று கூட்டமாக நடந்தே கிளம்பினார்கள். போகிற வழியிலேயே 171 பேரைப் பிடித்துவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனவர்களைத்தான்! பிறகு நாடே பேசியது, தொழிலாளர் இலாகா தலையிட்டது, பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் சம்பள பாக்கியைக் கட்டச் சொல்லி உத்தரவானது. பேச்சே எழாமல் இருந்திருந்தால் அந்த 171 பேரும் நம் கணக்கில் கள்ளக் குடியேறிகள், அவ்வளவுதான்.

பெர்மிட் என்பது தொழிலாளியின் பெயரில் இருக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் அது முதலாளியோடு கட்டிப் போட்ட கயிறு. முதலாளி சம்பளம் தராவிட்டாலும் அடித்தாலும் இவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். வெளியேறி வேறு வேலைக்குப் போனால் முதலாளி "லாரி" என்று ஒரு ரிப்போர்ட் கொடுப்பார். மலாயில் ஓடிப்போய்விட்டான் என்று அர்த்தம். அந்த ஒரு தாளோடு பெர்மிட் செத்துப்போகும். அன்று சாயங்காலத்திலிருந்து அவர் கள்ளக் குடியேறி.

ஓடிப்போனவன். இந்த வார்த்தை நம் வீட்டுக்குப் புதிதா? ஒப்பந்தக் கூலியாக நம் ஆட்கள் மலாயாவுக்கு வந்த காலத்தில் தோட்டத்தை விட்டுப் போவது குற்றம், பிடித்தால் ஜெயில். 1910-இல் அந்த ஒப்பந்த முறையை ஒழித்தார்கள். அப்புறம் கங்காணி, அதாவது தோட்டத்து மேஸ்திரி, ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருகிற முறை, அது 1938 வரைக்கும். அதில் சட்டப்படி நீங்கள் போகலாம், ஆனால் கங்காணியிடம் கடன் இருக்கும், கடன் தீராமல் போக முடியாது. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர். கங்காணிக் கடன் தீராது என்று தெரிந்ததும் ஒரு ராத்திரி பாட்டியையும் ஒரு சோற்றுப் பானையையும் கூட்டிக்கொண்டு ரயில் தண்டவாளத்தோரமாகவே நடந்து வேறு தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பானையையும் "கூட்டிக்கொண்டு" என்றுதான் பாட்டி சொல்வார்! எங்கள் வீட்டில் அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் பேசுவோம். அந்தத் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? ஓடிப்போனவன் என்றுதான்.

1969-க்கு வருவோம். மே கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் ஆட்கள், முப்பது வருஷம் நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர்கள், திடீரென்று அந்நியத் தொழிலாளியாகிவிட்டார்கள். ஏறக்குறைய 60,000 பேர் திரும்பக் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன நிரையை, அந்த மர வரிசையை, யார் சீவினது? எழுபதுகளில் கண்ட்ராக்டர்கள் சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் எந்தத் தாளும் இல்லாமல். அவர்களுக்குச் சங்கம் கிடையாது, சேமநிதி கிடையாது, கூலியும் குறைவு. அதிகாரிகளுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? 1984-இல் இந்தோனேசியாவோடு மேடான் ஒப்பந்தம் போட்டுத்தான் அதற்கு ஒரு சட்ட வழி செய்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் என் அம்மாவின் நிரையையும் கண்ட்ராக்டர் ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு, பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, போனவர். பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போனவர். ஒட்டுப்பால் நாற்றம் சேலையிலிருந்து எத்தனை துவைத்தாலும் போகாது. அந்த நிரைக்கு வந்தது ஓர் இந்தோனேசியப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. நாங்கள் அவரைத்தான் திட்டினோம். கண்ட்ராக்ட் கொடுத்த கிராணியை, தோட்டத்துக் குமாஸ்தாவை, வழியில் பார்த்தால் ஐயா என்று ஒதுங்கி நின்றோம். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா என்னிடம் தினமும் சொன்ன ஒரு வார்த்தை, "படிக்கலேன்னா பால்மரம்தான்". இந்த மண்டபத்தில் இருக்கிற பாதிப் பேர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அம்மா ஏன் சொன்னார் என்று புரிகிறது, தன் தோள் பட்ட பாடு பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான். ஆனால் நாங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. கூலி கேவலமாக இருந்தது, நாங்கள் வேலையைக் கேவலம் என்று எடுத்துக்கொண்டோம். இன்றைக்கு நம் பிள்ளைகள் வாயில் அது "பங்ளா வேலை", வங்காளதேசத்தான் வேலை, என்று வருகிறது. குப்பை அள்ளினால் பங்ளா வேலை, செம்பனைக் குலை வெட்டினால் பங்ளா வேலை. எழுபது வருஷத்துக்கு முன்னால் இதே வேலைகளுக்கு இந்த நாட்டில் இருந்த பெயர் கிளிங் வேலை. நம்மை இழிவாகச் சொல்கிற அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது இல்லையா?

அப்புறம் இன்னொரு பேச்சு இருக்கிறது. உள்ளூர்ப் பையன்கள் சோம்பேறிகள், வேலையைப் பொறுக்குகிறார்கள், அதனால்தான் வெளிநாட்டு ஆள் வேண்டியிருக்கிறது என்று. முதலாளிகள் சொன்னால் பரவாயில்லை, நம் வீட்டுப் பெரியவர்களே சொல்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஜொகூர் பாரு பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் நெருப்பெறும்பு மாதிரி சிங்கப்பூருக்கு ஊர்ந்து போகும். அங்கே போய்ச் செய்வது என்ன? தொழிற்சாலை வேலை, கிளீனிங், லோரி ஓட்டுவது, தட்டு கழுவுவது. ஆஸ்திரேலியாவில் மில்டுராவுக்கும் ரோபின்வேலுக்கும் போய்ப் பாருங்கள், திராட்சைத் தோட்டத்தில் நம் மலேசியப் பிள்ளைகள் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பார்கள், சுற்றுலா விசாவில் போய்த் திரும்பாமல் நின்றவர்கள். ஆஸ்திரேலியாவில் விசா முடிந்தும் தங்கியவர்களில் மலேசியர்களே முதலிடத்தில் இருந்த ஆண்டுகள் உண்டு. என் சொந்தக்காரப் பையன் ஒருவன் அப்படிப் போனான். கல்யாண வீட்டில் விசாரித்தால் "ஆஸ்திரேலியாவில் வேலை" என்று அத்தை தலை நிமிர்ந்து சொல்வார். ஒருவர்கூட அவனைக் கள்ளக் குடியேறி என்று சொன்னதில்லை.

அந்தப் பையன் இங்கே சோம்பேறி, அங்கே உழைப்பாளி ஆகிவிட்டானா? அங்கே குனிந்து நிமிர்வதற்கு இங்கே கிடைப்பதைப்போலப் பல மடங்கு கிடைத்தது. இங்கே குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட், 2025-இல்தான் 1,700 ஆனது. அதையும் பதினாலு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. நம் பையன் போய் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கேட்டால், வேண்டாம்பா, எனக்கு ஆள் இருக்கிறது என்பார்கள். அந்த ஆள் பாஸ்போர்ட்டை முதலாளியின் மேசையில் பறிகொடுத்துவிட்டு நிற்கிற ஆள், எதையும் கேட்க முடியாத ஆள். ஓட முடியாத ஒருவர் ஒரு வேலையில் இருக்கிறவரைக்கும் அந்த வேலைக்குக் கூலி ஏறாது, பக்கத்தில் நிற்கிற உள்ளூர்க்காரனுக்கும் ஏறாது. இதைச் சொன்னால் வெளிநாட்டுக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்கிறார்கள். நான் என் பிள்ளையின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

கடைக்காரர்கள் எல்லோரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சேவைத் துறையில் ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 1,850 ரிங்கிட் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்கு அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி, அதற்கு மேல் ஏஜென்ட் செலவு, கடை வாடகை. தே தாரே, நம் கடை டீ, விலையை முப்பது காசு ஏற்றினால் நாம் என்ன சத்தம் போடுகிறோம்! 2018-இல் மனிதவள அமைச்சராக இருந்த குலசேகரன், 2019 ஜனவரியிலிருந்து உணவகங்களில் உள்ளூர் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் அது கட்டாயமில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. சமையல்கட்டில் கூலியும் நேரமும் மாறாமல் ஆளை மட்டும் மாற்றச் சொன்னால் எப்படி நடக்கும்?

சட்டத்தில் கடுமைக்குக் குறைவில்லை. 2002-இல் குடிநுழைவுச் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் நுழைந்தால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை என்று வைத்தார்கள். லட்சக்கணக்கில் மக்கள் வெளியேறினார்கள், போர்னியோவில் இந்தோனேசியப் பக்கம் நுனுக்கான் என்ற சின்ன ஊரில் சோறும் மருந்தும் இல்லாமல் குழந்தைகள் உட்படப் பலர் செத்தார்கள். இங்கே கட்டுமான இடங்கள் ஆளில்லாமல் நின்றன, திரும்பக் கதவைத் திறந்தார்கள். அதே சட்டத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுமதியில்லாமல் வேலைக்கு வைத்த முதலாளிக்கும் பிரம்படி உண்டு. பிரம்படி வாங்கிய தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். பிரம்படி வாங்கிய முதலாளி யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

அதற்கப்புறம் பொதுமன்னிப்பு, பதிந்துகொண்டால் பெர்மிட் தருகிறோம் என்று. 2011-இல் ஒன்று, 2016-இல் ஒன்று, 2020-இல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெர்மிட் வராமலேயே பிடிபட்டவர்கள் ஏராளம். ரசீதைக் காட்டினால் அதிகாரி என்ன செய்வார், அது பெர்மிட் இல்லையே.

நான் கேட்பது இதுதான். பெர்மிட்டை முதலாளியிடமிருந்து அவிழ்த்துத் தொழிலாளி கையில் கொடுங்கள், அந்தத் துறைக்குள் எந்த முதலாளியிடமும் போகலாம் என்று வையுங்கள். சம்பளம் தராத கடையில் ஆள் நிற்க மாட்டான், நல்ல கடைக்கு ஆள் தேடி வருவான். அரசாங்கத்துக்கும் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியும். நாட்டின் பாதுகாப்பு என்றால் முதலில் அதுதானே வேண்டும்? கால்வாயில் ஒளிந்திருக்கிறவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னொன்று, இந்த மண்டபத்தில் கடை வைத்திருக்கிற அண்ணன்மார்களுக்கு. 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ் சட்டப்படி அடுத்தவர் பாஸ்போர்ட்டை நீங்கள் பிடித்து வைப்பது குற்றம். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அவருக்கே ஒரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

அந்த ராமநாதபுரத்துத் தம்பியின் பாஸ்போர்ட் வருகிற ஆவணியோடு முடிகிறது. புதுப்பிக்கக் கோலாலம்பூர் போக வேண்டும். கொமியூட்டர் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துப் பயணம். "வழியில பெர்மிட்டைக் கேட்டா என்னண்ணே சொல்றது?" என்றார். என் காரில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முதலாளி ஒருநாள் லீவு கொடுக்க வேண்டும், மேசையில் இருக்கிற பாஸ்போர்ட்டையும் கொடுக்க வேண்டும். நாளைக்குக் காலையில் அதைக் கேட்கத்தான் போகிறேன். கூட வர நினைக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், நாலு பேராகப் போனால் அவர் உட்காரச் சொல்லிப் பேசுவார்.